மலச்சிக்கல் ஸ்கேன்: கதிரியக்கம் உடம்பில் தங்கிவிடுமா?

"மலச்சிக்கலுக்கு நியூக்ளியர் ஸ்கேன் எடுத்தால் கதிரியக்கம் ஆயுசுக்கும் உடம்பை விட்டுப் போகாது" என்று ஒரு செய்தி சுற்றுகிறது. அது தவறு.

இந்த ஸ்கேனில், பெருங்குடலில் மலம் நகரும் வேகத்தை அளக்கப் பெரும்பாலும் கொடுப்பது இண்டியம்-111 என்ற கதிரியக்கப் பொருள் சேர்ந்த டிடிபிஏ என்ற மருந்து. குடல் இதைக் கிட்டத்தட்ட உறிஞ்சுவதே இல்லை, மலத்தோடு வெளியேறிவிடும். உள்ளே மிச்சமிருப்பதும் 2.8 நாளுக்கு ஒருமுறை பாதியாகக் குறையும். படம் எடுக்கும் காமா கேமரா உடம்புக்குள் கதிரைச் செலுத்துவதில்லை, உள்ளிருந்து வருவதைப் பதிவு செய்கிறது, அவ்வளவுதான். ஆகவே 24, 48, 72 மணி நேரத்தில் திரும்பத் திரும்பப் படம் எடுத்தாலும் அதனால் கதிரளவு கூடாது.

அந்தப் படங்கள் மிக முக்கியம். மருந்து பெருங்குடல் முழுக்க மெதுவாக நகர்கிறதா, மலக்குடல் வரை வந்து தேங்குகிறதா என்பதைப் பொறுத்துச் சிகிச்சையே மாறும். கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் மட்டும் மருத்துவரிடம் முன்பே சொல்லிவிட வேண்டும்.