பத்து நிமிடப் பாவாடையாம்!

பத்து நிமிடத்தில் தைக்கலாம் என்று ஒரு வீடியோ சொன்ன பாவாடையைத் தைத்து முடிக்க எனக்கு மூன்று நாள் ஆனது. வயிறு எரிகிறது, அதனால் எழுதுகிறேன்.

கத்திரி வெயில் ஆரம்பித்த வாரம். மகளுக்குப் பத்து வயது, பள்ளி விடுமுறை. இருக்கிற லெக்கிங்ஸ் எல்லாம் காலோடு ஒட்டிக்கொள்கிறது என்று காலையிலிருந்து ஒரே புலம்பல். பருத்தியில் தொளதொளவென்று ஒரு பாவாடை, இடுப்பில் எலாஸ்டிக், அவ்வளவுதான். ஜிப் வேண்டாம், கொக்கி வேண்டாம். அம்மா வீட்டிலிருந்து வந்த, காலால் மிதிக்கிற தையல் மிஷின் ஐந்து வருடமாக, மடிக்காத துணியைக் குவித்து வைக்கத்தான் பயன்பட்டது. அதைத் துடைத்துவிட்டுப் போனைத் திறந்தேன். நகப்பூச்சு போட்ட இரண்டு கைகள், பின்னால் ஒரு புல்லாங்குழல், "தைக்கவே தெரியாதவங்ககூட பத்தே நிமிஷத்துல..."

அந்தக் கைகளுக்கு உரியவரை நேரில் பார்க்க வேண்டும் எனக்கு.

அவர் துணியை விரிக்கும்போதே அது இஸ்திரி போட்டு, நேராக வெட்டி, ஓரமெல்லாம் நூல் பிரியாமல் ஓவர்லாக் அடித்துத் தயாராக இருக்கிறது. ஊசியில் நூல் கோத்தாயிற்று. அடிநூல் சுற்றுகிற பாபின் நிரம்பி உள்ளே உட்கார்ந்தாயிற்று. நறுக்கின வெங்காயத்தையும் ஊறவைத்த புளியையும் கிண்ணம் கிண்ணமாக வைத்துக்கொண்டு ஐந்து நிமிடக் குழம்பு என்பார்களே, அதே மோசடி.

"ஒரு மீட்டர் துணி போதும்" என்றார்கள். எந்தப் பன்னாவில், அதாவது எந்த அகலத்தில் ஒரு மீட்டர்? அதைச் சொன்னால் வாய் வலிக்குமா? கடையில் எனக்குப் பிடித்த அரக்கு நிறக் காட்டன் 36 இன்ச் பன்னா. மகளுக்கு இடுப்பு 23 இன்ச், பாவாடை உயரம் 24. எலாஸ்டிக் மடிப்புக்கு மேலே ஒன்றரை, ஓரத்துக்குக் கீழே ஒன்றரை, ஆக 27. ஒரு மீட்டர் என்பது 39 இன்ச் சொச்சம். 27 போனால் 12 மிச்சம். அதாவது உருப்படியாக ஒரே ஒரு துண்டு, சுற்றளவு 36. நிற்கும்போது பார்த்தால் பாவாடைதான். சம்மணம் போட்டு உட்காரச் சொல்லுங்கள், முட்டியும் துணியும் மல்லுக்கு நிற்கும். இடுப்பைப்போல இரண்டு மடங்காவது சுற்றளவு இருந்தால்தான் சுருக்கு அழகாக விழும். ஒன்றரை மீட்டர் வாங்கி இரண்டு துண்டாக வெட்டி இணைத்திருக்க வேண்டும். சின்னப் பிள்ளை போடுகிற கணக்குதான், நானும் போட்டிருப்பேன். போட வேண்டும் என்று யாராவது சொல்லியிருக்க வேண்டாமா?

மறுநாள் கடைக்கு ஓடினால் அந்தக் கட்டு தீர்ந்துவிட்டது. "இதுவும் அதே கலர்தாம்மா" என்று வேறு கட்டிலிருந்து இன்னொரு மீட்டர் வெட்டிக் கொடுத்தார்கள். டியூப் லைட்டில் அதே கலர்தான். வெயிலில் பார்த்தால் முன்பக்கம் அரக்கு, பின்பக்கம் கத்திரிக்காய். கத்தரிக்கோலால் கோணலாக வேறு வெட்டியிருந்தார்கள், அதை நேராக்கியதில் ஒன்றரை இன்ச் போச்சு. காட்டன் துணியில் ஓரத்தில் சின்னதாக ஒரு வெட்டுக் கொடுத்துவிட்டுக் கையால் இழுத்தால் குறுக்கே ஓடுகிற ஊடை நூலோடு நேராகக் கிழியுமாம். எல்லாம் முடிந்த பிறகு தெரிந்து என்ன பண்ண?

இனி மிஷின். மேலே இருக்கிற சக்கரம் நம் பக்கமாகச் சுற்ற வேண்டும். எதிர்ப்பக்கம் கொஞ்சம் நகர்ந்தாலும் நூல் அறுந்துவிடும். என் கால்களுக்கு என்ன சாபமோ, மிதித்தால் முதல் சுற்று எதிர்ப்பக்கம்தான். அறுந்த நூலைத் திரும்பக் கோத்து, திரும்ப அறுத்து, நாக்கில் ஈரம் வற்றும் வரை நூல் முனையை நனைத்தேன். ஒரு வழியாகத் தையல் ஓடியது. மேலே பார்த்தால் மணி மணியாக இருக்கிறது. ஆசையாகத் திருப்பிப் பார்த்தேன். அடியில் குருவிக்கூடு.

கீழே சிக்கினால் கீழேதானே கோளாறு என்று எந்த மனுஷிக்கும் தோன்றும். பாபின் கேஸைக் கழற்றினேன். ஊதினேன், எண்ணெய் விட்டேன். அதன் பக்கவாட்டில் கடுகு அளவு ஒரு திருகு இருக்கும். அதை முறுக்கினேன், கூடு. தளர்த்தினேன், இன்னும் பெரிய கூடு. இன்னும் கொஞ்சம் தளர்த்தியதும் திருகு கழன்று துள்ளிக் கட்டிலுக்கு அடியில் போய்விட்டது. டார்ச் வைத்துக்கொண்டு தரையோடு தரையாகப் படுத்துத் தேடியதில் போன தீபாவளிக்குக் காணாமல் போன கம்மல் கிடைத்தது. திருகு கிடைக்கவில்லை. 60 ரூபாய்க்குப் புது பாபின் கேஸ் வாங்கி மாட்டினேன். அதிலும் கூடு!

எதிர்வீட்டில் தைக்கிற அக்காவைக் கெஞ்சிக் கூட்டிவந்தேன். அவர் மிஷினில் உட்காரக்கூட இல்லை. நின்றபடியே ஒரு பார்வை பார்த்துவிட்டு, "பாதத்த எறக்கி வச்சுக்கிட்டா மேல்நூல் கோத்த?" என்றார். அவ்வளவுதான் விஷயம். துணியை அழுத்துகிற அந்தப் பாதம் இறங்கியிருந்தால், நூலை இறுக்கிப் பிடிக்கிற இரண்டு தட்டும் மூடியிருக்கும். நூல் நடுவில் நுழையாமல் மேலோடு போய்விடும். பிடிமானம் இல்லாத மேல்நூல் அடியில் போய்க் குவிந்து கூடு கட்டும். கீழே சிக்கினால் குற்றம் மேலே! பாதத்தைத் தூக்கிவிட்டு நூலைக் கோத்தார், இரண்டு இன்ச் ஓட்டிக் காட்டினார், போய்விட்டார். ஒன்றரை நாளையும் ஒரு பாபின் கேஸையும் மிச்சம் பிடித்திருக்கக்கூடிய அந்த ஒரு வரியை நகப்பூச்சுக் கைகள் சொல்லவே இல்லை. அதற்குள் அங்கே லேஸ் வைத்து முடித்து, "லைக் பண்ணுங்க" வந்துவிட்டது.

இயந்திர மோகத்தை அவ்வளவு எதிர்த்த காந்தி, 1924-ல் தையல் மிஷினுக்கு மட்டும் விலக்குக் கொடுத்தார். தன் மனைவி கையால் தைத்துக் கஷ்டப்படுவதைப் பார்த்து சிங்கர் என்பவர் அன்பால் செய்த இயந்திரம் அது என்றார். அன்புதான், சரி. அந்த அம்மாவுக்கு அடியில் கூடு கட்டியபோது பிரித்தது யார்?

பிரிப்பது என்றதும் ஞாபகம் வருகிறது. இரண்டு பக்கத் தையலில் ஒன்றை நல்லபக்கம் உள்ளே வைத்துத் தைத்தேன், இன்னொன்றை நல்லபக்கம் வெளியே வைத்துத் தைத்தேன். ஒரு பக்கம் பாவாடை, இன்னொரு பக்கம் உள்பாவாடை. 27 இன்ச், இன்ச்சுக்குப் பத்துத் தையல் என்று வைத்தாலும் 270. பிளேடால் ஒவ்வொன்றாகப் பிரித்தேன். இருநூறு தாண்டியபோது பிளேடு துணியிலும் இறங்கியது. அந்த ஓட்டை இப்போது சுருக்குக்குள் ஒளிந்திருக்கிறது.

எலாஸ்டிக் ஒரு இன்ச் அகலம், மடிப்பையும் கச்சிதமாக ஒரு இன்ச்சுக்கே அடித்துவிட்டேன். உள்ளே போகுமா? போகாது. கால் இன்ச்சாவது கூட வேண்டும். பிரித்து மறுபடி அடித்து, எலாஸ்டிக் முனையில் ஊக்கைக் குத்தி, துணிக்குள் விட்டுத் தள்ளித் தள்ளி முக்கால் தூரம் போனேன். உள்ளேயே ஊக்கு திறந்துகொண்டது. வெளியிலிருந்து தடவினால் ஒரு குத்து, முன்னாலும் போகாது பின்னாலும் வராது. விரலில் ரத்தம். அரக்குத் துணி என்பதால் கறை தெரியவில்லை, அந்தக் கலர் செய்த ஒரே உபகாரம் அதுதான். போராடி ஊக்கை மூடி வெளியே எடுத்துப் பெருமூச்சு விட்டபோது எலாஸ்டிக்கின் மறுமுனை துணிக்குள் ஓடிவிட்டது. அதைத் தைத்தோ குத்தியோ நிறுத்தி வைக்க வேண்டுமாம். முதலிலிருந்து கோத்தேன்.

இந்த நேரம் பார்த்து நாத்தனார் போன். "பாவாடைதானே அண்ணி? நேர்த் தையல் ரெண்டு. அதுல என்ன இருக்கு?" அவர் கடைசியாக ஊசியைத் தொட்டது பள்ளிக்கூடத்தில் கைவேலை வகுப்பில். கணவர் பேப்பரை மடித்துக்கொண்டே, "ரெடிமேட்ல 250 ரூபாய்க்குக் கிடைக்குமே" என்றார். துணி 220, எலாஸ்டிக் 20, நூல் 15, பாபின் கேஸ் 60, மொத்தம் 315. கணக்குத் தெரியாமல் இல்லை எனக்கு. பதில் சொல்லத்தான் தெம்பில்லை. போன வருடம் இதே எதிர்வீட்டு அக்கா ஒரு பாவாடைக்கு 150 கேட்டபோது 120-க்குக் குறையுங்கள் என்று வாசலில் நின்று பேரம் பேசினேன். அது வேறு உறுத்துகிறது.

ஒரு வழியாக மகள் போட்டாள். கண்ணாடி முன்னால் ஒரு சுற்றுச் சுற்றினாள், பாவாடை குடைபோல விரிந்தது. அரை நிமிடம் எனக்கும் எல்லாம் மறந்தது. "பாக்கெட் இல்லையாம்மா?" என்றாள்.

மறுநாள் துவைத்தேன். புதுக் காட்டனை முதலில் நனைத்து, காயவைத்து, அப்புறம்தான் வெட்ட வேண்டும் என்பதையும் நான் துவைத்துத்தான் தெரிந்துகொண்டேன். முன்பக்கம் ஒரு இன்ச் சுருங்கியது. பின்பக்கம் வேறு கட்டுத் துணியாயிற்றே, அது அரை இன்ச்தான். பக்கத் தையல் இரண்டும் நத்தைபோலச் சுருண்டு, பின்னால் வால் தொங்குகிறது. சாயமும் போனது. வாளியில் கூடவே ஊறியது கல்யாணத்துக்கென்று கணவர் எடுத்து வைத்திருந்த வெள்ளை வேட்டி. அது இப்போது ரோஸ் கலரில் மொட்டைமாடிக் கொடியில் காய்கிறது. அவர் ஆபீஸிலிருந்து ஆறரைக்கு வருவார்.