நாளுக்குப் பத்துப் பக்கம் போதும்

"ஒரே மூச்சில் வாசித்து முடித்தேன்" என்று யாராவது ஒரு குடும்ப நாவலைப் பற்றிப் பதிவு போட்டால் எனக்குப் பாராட்டத் தோன்றுவதில்லை. மூன்று தலைமுறை வாழ்ந்து, சண்டை போட்டு, பாகம் பிரிந்து, பாதிப் பேர் செத்தும் போயிருக்கிறார்கள். அத்தனையையும் ஒரு ராத்திரியில் முடித்துவிட்டு மறுநாளே அடுத்த புத்தகத்தை எடுக்க எப்படி மனசு வருகிறது? துப்பறியும் கதை என்றால் சரி, விடிய விடியப் படிக்கலாம். குடும்பக் கதைக்கு அது ஆகாது.

நான் அம்பாசமுத்திரத்தில் இருந்து பாளையங்கோட்டைக்கு வேலைக்கு வருகிறவள். காலையில் பாசஞ்சர் ரயிலில் கல்லிடைக்குறிச்சி தாண்டியதும் புத்தகத்தைத் திறப்பேன். அதற்கு முன்னால் ஆற்றுப் பாலம் வருகிறது, அங்கே யாரால் குனிந்து படிக்க முடியும்? சேரன்மகாதேவி வந்ததும் மூடிவிடுவேன். பத்துப் பக்கம், மிஞ்சினால் பன்னிரண்டு. பேட்டை, டவுண், ஜங்ஷன் என்று மீதி வழியெல்லாம் சும்மாதான் உட்கார்ந்திருப்பேன். நாவல் நிஜமாக நடப்பது அந்தச் சும்மா இருக்கிற நேரத்தில்தான் என்பது என் கட்சி.

இப்போது வாசிக்கிற கதையில் புருஷனை இழந்த ஒரு அத்தை, தம்பி வீட்டில் இருக்கிறாள். அவள் உளுந்து டப்பாவுக்குள் ரூபாய் சேர்த்து வைத்திருப்பது தம்பி பெண்டாட்டிக்குத் தெரிந்துபோகிறது. வீட்டில் பள்ளிக்கூடத்துக்குக் கட்டப் பணமில்லாத நேரம். அந்த இடத்தில் மூடினேன். அன்று முழுக்க எனக்கு அத்தை மேல்தான் கோபம். சோறு போடுகிற வீட்டிலேயே ஒளித்து வைப்பதா? மறுநாள் ரயிலில் எதிர் சீட்டில் இருந்த ஒரு அம்மா, கைக்குட்டையில் மடித்து வைத்திருந்த நோட்டுகளை எண்ணிவிட்டு, நான் பார்ப்பதைப் பார்த்துச் சிரித்தார். "இது எங்க வீட்ல அவியளுக்குத் தெரியாது, கேட்டியளா" என்றார். அதோடு என் கோபம் போன இடம் தெரியவில்லை. கல்லிடை தாண்டிப் புத்தகத்தைத் திறந்தபோது அத்தை பக்கம் சாய்ந்திருந்தேன். ஒரே மூச்சில் படித்திருந்தால் அடுத்த பக்கத்தில் ஆசிரியர் என்ன தீர்ப்பு சொல்கிறாரோ அதை வாங்கிக்கொண்டு போயிருப்பேன்.

இது ஒன்றும் புது வழக்கம் இல்லை. தமிழில் முதல் நாவல்களில் ஒன்றான கமலாம்பாள் சரித்திரம், 1893 முதல் 1895 வரை விவேக சிந்தாமணி மாதப் பத்திரிகையில் தொடராக வந்ததுதான். புருஷன், பெண்டாட்டி, ஓரகத்தி என்று வீட்டுக்குள் நடக்கிற கதை. அதைத் தெரிந்துகொள்ள மாதக்கணக்கில் காத்திருந்திருக்கிறார்கள். அப்புறம் வாரப் பத்திரிகைகள் வந்தன. தொடர்கதைப் பக்கங்களைக் கிழித்துச் சேர்த்து பைண்டு பண்ணி வைத்த வீடுகள் எங்கள் தெருவிலேயே உண்டு. நடுநடுவே தலைவலி மாத்திரை விளம்பரமும் சேர்ந்தே இருக்கும்.

ஆனால் பத்திரிகைக்காரர்கள் வெட்டுகிற இடத்தில் எனக்கு நம்பிக்கை இல்லை. கதவு தட்டப்படும், "வந்தது யார்?", தொடரும். டிவி சீரியலும் அதே வேலையைத்தான் செய்கிறது, முகத்தை மூன்று தடவை காட்டி. புத்தகமாக வாங்கிவிட்டால் எங்கே நிறுத்துவது என்பது நம் கையில். அத்தியாயம் முடிகிற இடத்தில் நிறுத்தவே மாட்டேன். சண்டை பாதியில் இருக்கும்போது, யாரும் இன்னும் ஜெயிக்காதபோது மூட வேண்டும்.

இப்படி மெதுவாகப் படிப்பதற்குள் யாராவது முடிவைச் சொல்லிவிட்டால் சுவை போய்விடும் என்பவர்கள் நம் பக்கத்துக் கோயில் கொடைத் திருவிழாவுக்கு வந்து பார்க்கட்டும். நல்லதங்காள் கதையில் அண்ணன் பெண்டாட்டி மூளி அலங்காரி கதவைச் சாத்தப் போகிறாள் என்பதும், ஏழு பிள்ளைகளும் கிணற்றுக்குத்தான் போகும் என்பதும் கூட்டத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆனாலும் வில்லுப்பாட்டில் அந்த இடம் வந்தால் பெண்கள் முந்தானையால் மூக்கைத் துடைக்காமல் இருந்து நான் பார்த்ததில்லை.

இப்படிப் படிப்பதில் நிஜமான தொல்லை ஒன்றுதான், ஆள் மறந்துபோவது. தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்கிற ஊர் நம்முடையது. ஒரே கதையில் மூன்று நெல்லையப்பன் இருந்தால் நாலு நாள் லீவுக்குப் பிறகு எந்த நெல்லையப்பன் கோர்ட்டுக்குப் போனான் என்று தலை சுற்றும். பின் அட்டையின் உள்பக்கம் பென்சிலால் ஒரு வம்சம் வரைந்துவிடுவேன். யார் யாருக்கு மைனி, யார் யாருக்குக் கொழுந்தன், யாரோடு யார் பேச்சுவார்த்தை இல்லை என்பது வரைக்கும். நூலகப் புத்தகத்தில் அது முடியாது. போதாக்குறைக்கு தவணைத் தேதி வேறு துரத்தும். அதனால் தடி நாவல் என்றால் காசு கொடுத்து வாங்கிவிடுவதுதான் நல்லது.

கடைசி முப்பது பக்கத்துக்கு மட்டும் இந்த விதி கிடையாது. அதை ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு ஒதுக்கிவிடுவேன். அன்றைக்கு அடுக்களைப் பக்கம் எட்டிப் பார்க்க மாட்டேன் என்று வீட்டில் முன்கூட்டியே சொல்லியாகிவிட்டது. "அப்போ ஓட்டல் சாப்பாடா?" என்று பிள்ளைகள் இப்போதே எத்தனை பக்கம் பாக்கி என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்கள்.