கியூஎல்இடி வேறு, ஓஎல்இடி வேறு

தம்பி, "கியூஎல்இடியும் ஓஎல்இடியும் ஒரே சரக்குதான், எல்சிடியெல்லாம் பழைய காலத்து டிவி" என்று எழுதியிருக்கிறீர்கள். அது சரியில்லை. கடையில் எல்இடி என்று விற்பதே எல்சிடி திரைதான். முன்பு அதன் பின்னால் மெல்லிய டியூப் விளக்குகள் எரிந்தன, இப்போது எல்இடி விளக்குகள் எரிகின்றன. அவ்வளவுதான். கியூஎல்இடியும் அதே குடும்பம். நிறம் எடுப்பாக வர குவாண்டம் டாட் என்னும் மிக நுண்ணிய துகள்கள் கொண்ட படலம் ஒன்று கூடுதலாக உண்டு. ஓஎல்இடியில் பின்விளக்கே கிடையாது. ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும், வேண்டாதபோது முழுதாக அணையும். இருட்டுக் காட்சியில் கறுப்பு கறுப்பாகவே தெரிவது அதனால்தான்.

இருட்டறையில் படம் பார்க்க ஓஎல்இடிக்கு நிகர் இல்லை என்பேன். ஆனால் மண்டபம், பாம்பன் போன்ற கடலோர ஊர்கள் பக்கம் பகலெல்லாம் கதவு ஜன்னல் திறந்து கிடக்கும் வீட்டுக்கு வெளிச்சம் தூக்கலான எல்சிடி வகையே போதும், விலையும் குறைவு. அப்புறம், நாள் முழுக்கச் செய்திச் சேனல் ஓடினால், கீழே நிற்கும் பட்டையும் மூலைச் சின்னமும் ஓஎல்இடி திரையில் நாளடைவில் தழும்பாகப் பதியக்கூடும்.

"கியூஎல்இடியை உப்புக்காற்று ஒன்றும் செய்யாது" என்று கடைக்காரர் சொன்னாராமே, அது வெறும் கதை. உப்புக்காற்று அரிப்பது உள்ளே இருக்கும் சர்க்யூட் போர்டையும் பின்பக்க இணைப்புகளையும். அவை எல்லா வகையிலும் உண்டு. எதை வாங்கினாலும் கடல் பார்த்த ஜன்னலுக்கு நேரே மாட்டாதீர்கள். துரு பற்றி வாரண்டி அட்டையில் என்ன எழுதியிருக்கிறது என்று பணம் கட்டும் முன்பே படித்துவிடுங்கள்.