ஃபில்லிங் பயமும் அசிஸ்டென்ட் விரலும்

வேளச்சேரியில் பல் கிளினிக் வைத்திருக்கிறேன். "வெள்ளை ஃபில்லிங்ல பிளாஸ்டிக் விஷம் இருக்காமே டாக்டர்?" என்று போனை நீட்டுகிறவர்கள் கூடிக்கொண்டே போகிறார்கள். சுத்தப் புரளி என்று தள்ளவும் முடியாது.

வெள்ளை ஃபில்லிங்குக்குப் பெயர் கம்போசிட். அது பிஸ்-ஜிஎம்ஏ, டெக்டிஎம்ஏ மாதிரியான பிசின்களில் கண்ணாடித் துகள் கலந்தது. நீல லைட் அடித்தால் இறுகும், ஆனால் முழுசாக இறுகாது. பொதுவாக 50 முதல் 75 சதவீத இணைப்புகள்தான் சேரும். சேராததில் சிறு பங்கு தனியாகக் கழன்று எச்சிலில் கலக்கும், அதிலும் பெரும்பகுதி முதல் நாளிலேயே. ஆய்வகத் தட்டில் வளர்க்கும் பல்கூழ் (பல்லுக்குள் இருக்கும் உயிருள்ள சதை) செல்கள்மேல் டெக்டிஎம்ஏவையோ, ஃபில்லிங்கைப் பல்லோடு ஒட்டவைக்கும் பான்டிங் திரவத்தில் இருக்கும் ஹீமா (HEMA) என்ற ரசாயனத்தையோ விட்டால், செல்லைக் காக்கும் குளுட்டாத்தயோன் தீர்கிறது. அளவு கூடினால் செல் செத்தே போகிறது. ஆனால் அந்தத் தட்டில் ரத்த ஓட்டமும் இல்லை, நடுவே பல்கூழை மூடியிருக்கும் கெட்டியான டென்டின் அடுக்கும் இல்லை. சொத்தை பல்கூழ் வரை இறங்கியிருந்தால் கவலை நியாயம்தான். அங்கே பல்கூழை மூடிக் காக்க கால்சியம் ஹைட்ராக்சைடோ எம்டிஏ என்ற சிமென்ட்டோ வைத்துவிட்டுத்தான் பிசினைத் தொட வேண்டும். லைட் முனையில் காய்ந்த பிசின் அப்பிக்கிடந்தாலும் அடிப்பகுதி சரியாக இறுகாது. லைட் முனை சுத்தமாக இருக்கிறதா என்பதுதான் பேஷன்ட் கேட்க வேண்டிய கேள்வி, யாரும் கேட்பதில்லை.

எனக்குப் பயமெல்லாம் பக்கத்தில் நிற்கும் அசிஸ்டென்ட் பெண்ணை நினைத்துத்தான். உங்களுக்கு ஒரு ஃபில்லிங். அவளுக்கு நாள் முழுக்க இதே வேலை. பான்டிங் பாட்டிலைத் திறக்கும்போது கழுத்தோரம் வழிந்த சொட்டு விரலில் படும். ஹீமா சாதாரண லேடெக்ஸ் கிளவுஸைச் சில நிமிஷத்தில் ஊடுருவிவிடும், நைட்ரைலும் கொஞ்ச நேரம்தான் தாங்கும். கிளவுஸ் இருக்கே என்ற தைரியத்தில் அதோடேயே அடுத்த வேலை. மெல்ல மெல்லக் கட்டைவிரல், ஆள்காட்டி விரல் நுனி சிவந்து, தோல் உரிந்து, வெடிப்பு விழும். "பாத்திரம் தேய்க்கிற சோப்பு சேரல டாக்டர்" என்று அவளே காரணமும் சொல்லிவிடுவாள். மெடிக்கல் ஷாப்பில் கேட்டு ஏதோ ஸ்டீராய்டு களிம்பு தடவிக்கொண்டு ஓட்டுவாள்.

சோப்பு இல்லை, பெரும்பாலும் ஹீமா அலர்ஜிதான் இது. ஒருமுறை வந்தால் அநேகமாக ஆயுசுக்கும் விடாது. பார்லரில் ஜெல் நெயில் பாலிஷ் போட்டாலும் கிளம்பும், பலவற்றில் அதே ஹீமாதான்.

சொட்டு பட்ட உடனே கிளவுஸைக் கழற்றி, கை கழுவி, புதுசு போடச் சொல்ல வேண்டும். வெடிப்பு தெரிந்தால் தோல் டாக்டரிடம் பேட்ச் டெஸ்ட்டுக்கு அனுப்ப வேண்டும். சந்தேகப்படும் பொருட்களை முதுகில் ஒட்டி, 2 நாள், 4 நாள் கழித்துப் பார்ப்பார்கள். அத்தனை அலைச்சலுக்கும் சம்பளத்தோடு லீவு கொடுப்பது கிளினிக் நடத்துகிறவர் பொறுப்பு. அதையும் சம்பளத்தில் பிடிக்கிற டாக்டர்கள் இந்தப் பதிவுக்கும் லைக் போடுவார்கள், தெரியும்.