பூட்டினால் அச்சாகாது, திறந்தால் ஊரே அச்சடிக்கும்

கோவையில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் கணினிகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. 32 கணினிகள், 7 பிரிண்டர்கள்; அவற்றில் இரண்டு, இடுப்புயரத்துக்கு நிற்கும் வாடகை ஜெராக்ஸ் இயந்திரங்கள். சென்ற மாதம் ஒரு வாடிக்கையாளர் நிறுவனம் பாதுகாப்பு குறித்த வினாப்பட்டியல் ஒன்றை நிரப்பித் தரச்சொல்லி அனுப்பியிருந்தது. அதில் ஒரு வரி: பிரிண்டர்களோடு வரும் ஆரம்பக் கடவுச்சொற்கள் மாற்றப்பட்டு, தேவையற்ற சேவைகள் நிறுத்தப்பட்டுள்ளனவா? ஆம் அல்லது இல்லை என்று எழுத வேண்டும். அந்த 'ஆம்' என்னும் இரண்டெழுத்தை நேர்மையாக எழுதுவதற்கு எனக்கு ஒரு சனிக்கிழமையும் ஒரு ஞாயிற்றுக்கிழமையும் போயின. திங்கட்கிழமை மானமும் போயிற்று.

முதலில் இவற்றை மாற்றும் அமைப்புப் பக்கத்துக்குள் நுழைவதே ஒரு பாடு. பிரிண்டரின் ஐ.பி. முகவரியை உலாவியில் இட்டால், "இந்த இணைப்பு பாதுகாப்பானதல்ல" என்று சிவப்பு எச்சரிக்கை வருகிறது. காரணம், 'நான் இன்னார்' என்று இயந்திரம் தனக்குத்தானே எழுதிக்கொண்ட சான்றிதழ். முறையான சான்றிதழை ஏற்றலாம் என்றால், அதை ஏற்றும் பக்கமும் அந்த எச்சரிக்கைக்கு அப்பால்தான் இருக்கிறது. எங்களிடம் உள்ள பழைய இயந்திரம் ஒன்று, இன்றைய உலாவிகள் கைவிட்டுவிட்ட டி.எல்.எஸ். 1.0 என்ற பழைய மறையாக்க முறையைத் தவிர வேறெதையும் அறியாது என்பதால், அதற்கென்றே ஒரு கிழட்டு மடிக்கணினியை அலமாரியில் பாதுகாத்து வருகிறேன். பாதுகாப்பை உயர்த்துவதற்குப் பாதுகாப்பில்லாத கணினி ஒன்று தேவைப்படுகிறது என்பதை ஆடிட்டரிடம் எப்படி விளக்குவது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

உள்ளே போன பிறகாவது நிம்மதி உண்டா? மூன்று நிறுவனங்களின் இயந்திரங்களில், ஒரே காரியத்துக்கு மூன்று பெயர்கள், மூன்று இடங்கள். ஒன்றில் 'பாதுகாப்பு' என்ற தலைப்பின் கீழ் கடவுச்சொல் மட்டும் இருக்கிறது. மற்றதெல்லாம் 'நெட்வொர்க்' தலைப்பின் கீழ் ஆறாவது துணைப்பக்கத்தில் ஒளிந்திருக்கிறது. இன்னொன்றில் நான் 20 எழுத்துகளில் கடவுச்சொல் கொடுத்தேன். அது மறுப்பின்றி வாங்கிக்கொண்டு, முதல் 16 எழுத்துகளை மட்டும் சத்தமில்லாமல் சேமித்து வைத்தது. என் கடவுச்சொல்லை நானே தப்பாகத் தட்டுகிறேன் என்று நினைத்து ஒரு மணி நேரம் போராடினேன். ஒவ்வொரு மாற்றத்துக்கும் இயந்திரம் அணைந்து எழுகிறது; எழுந்து சூடாகித் தயாராவதற்குள் நமக்குச் சூடேறிவிடுகிறது.

பெட்டியிலிருந்து எடுத்து வைத்த அன்றே இந்த இயந்திரங்களில் எத்தனை கதவுகள் திறந்திருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். தொலைவிலிருந்து கட்டளையிடும் டெல்நெட் திறந்திருக்கிறது, கோப்பு அனுப்பும் எஃப்.டி.பி. திறந்திருக்கிறது; பழைய அச்சுவழியான எல்.பி.டி. திறந்திருக்கிறது, 9100 என்ற போர்ட் (நெட்வொர்க்கில் எண்ணிட்ட ஒரு வாசல்), யார் எதை அனுப்பினாலும் 'நீ யார்' என்று கேட்காமல் அச்சடித்துத் தருகிறது. ஒரு இயந்திரத்தில் 1990களின் நாவெல் நெட்வேர் என்ற அலுவலக நெட்வொர்க் மென்பொருளுக்கான ஐ.பி.எக்ஸ். தொடர்பு முறை கூட இயங்கிக்கொண்டிருந்தது; எங்கள் அலுவலகத்தில் பாதிப் பேர் அப்போது பிறந்திருக்கவே மாட்டார்கள். அலுவலக நெட்வொர்க் இல்லாமலே பிரிண்டரோடு நேரடியாக இணையவிடும் வைஃபை டைரக்ட் தன் பெயரைத் தெருவுக்கே அறிவித்துக்கொண்டிருந்தது, 12345678 என்ற கடவுச்சொல்லோடு. கீழே டீக்கடையில் நிற்பவர் நினைத்தால் எங்கள் மாடியில் அச்சடிக்கலாம். இது வெறும் கற்பனை அச்சமன்று. 2018 நவம்பரில் உலகெங்கும் உள்ள பிரிண்டர்கள், ஒரு யூடியூப் சேனலுக்குச் சந்தா சேரச்சொல்லித் தாமாகவே தாள்களைத் துப்பின. இணையத்துக்குத் திறந்து கிடந்த 9100 போர்ட் வழியாகச் சுமார் 50,000 பிரிண்டர்களுக்கு அனுப்பியதாக, அதைச் செய்தவரே சொன்னார்.

சரி, தேவையற்றதையெல்லாம் மூடினேன். எஸ்.என்.எம்.பி. என்ற கண்காணிப்புச் சேவை, 'பப்ளிக்' என்ற ஊரறிந்த சொல்லை யார் சொன்னாலும் இயந்திரத்தின் நிலவரத்தை ஒப்பித்துவிடும் என்பதால், அதையும் நிறுத்தினேன். திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு எல்லாத் திரைகளிலும் பிரிண்டர் 'ஆஃப்லைன்' என்று நின்றது. இயந்திரம் நலமாகத்தான் இருந்தது. ஆனால் பிரிண்டர் உயிரோடு இருக்கிறதா என்பதை விண்டோஸ் அந்த எஸ்.என்.எம்.பி. வழியாகத்தான் விசாரிக்கிறது, பதில் வராவிட்டால் செத்துவிட்டது என்று தானே முடிவுகட்டிவிடுகிறது. போர்ட் அமைப்புக்குள் போய் ஒரு சிறு கட்டத்தில் உள்ள டிக் குறியை எடுத்தால் சரியாகிவிடும். ஒவ்வொரு பிரிண்டருக்கும், 32 கணினிகளிலும், வரி தாக்கல் நெருக்கடியில் இருப்பவர்களை எழுப்பிவிட்டு, அவர்கள் நாற்காலியில் நான் உட்கார்ந்து எடுக்க வேண்டும். "நல்லா ஓடிட்டிருந்தது தம்பி, ஏன் தொட்டீங்க?" என்று ஆடிட்டர் கேட்டார். அந்தக் கேள்விக்கு இந்தத் தொழிலில் பதிலே கிடையாது.

அடுத்தது ஸ்கேன். ஜெராக்ஸ் இயந்திரத்திலிருந்து சர்வர் ஃபோல்டருக்கு ஸ்கேன் போவது எஸ்.எம்.பி. என்ற கோப்புப் பகிர்வு முறையின் முதல் பதிப்பு வழியாக. 2017 மே மாதத்தில் கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்ட வான்னாக்ரை என்ற தீநிரல் உலகைச் சுற்றி வந்தது அந்தப் பதிப்பில் இருந்த ஓட்டை வழியாகத்தான். அதே ஆண்டின் இறுதியில் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து மைக்ரோசாஃப்ட் அதை இயல்பாக நிறுவுவதையே நிறுத்திவிட்டது. ஆனால் எங்கள் வாடகை இயந்திரத்துக்கு வேறு பாஷை தெரியாது. சர்வீஸ் இன்ஜினியரை அழைத்தேன். "சார், சர்வர்ல எஸ்.எம்.பி. ஒன் ஆன் பண்ணிடுங்க, ஃபோல்டருக்கு எவ்ரிஒன் ஃபுல் கன்ட்ரோல் குடுத்துடுங்க, பறக்கும்" என்றார். யார் வேண்டுமானாலும் திறக்கலாம், மாற்றலாம் என்று அதற்கு அர்த்தம். பறக்கும்தான், அந்த ஃபோல்டரில் கிடக்கும் பான் அட்டைகளும் ஆதார் நகல்களும் வங்கிக் கணக்கு விவரங்களும் சேர்ந்து பறக்கும். 2023இன் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தக்க பாதுகாப்பு ஏற்பாடு செய்யாதவர்களுக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் பேசுகிறது. அந்தத் தம்பிக்கு அது தெரியாது. தெரிய வேண்டிய நிறுவனம் அவருக்குச் சொல்லித் தரவும் இல்லை.

மின்னஞ்சலுக்கு ஸ்கேன் அனுப்பும் வசதி இதைவிட மோசம். அதற்கான கணக்கின் கடவுச்சொல் இயந்திரத்துக்குள்ளேயே சேமிக்கப்பட்டிருக்கிறது. அதைத் திரையில் நட்சத்திரக் குறிகளாகக் காட்டிப் பெரிய ரகசியம் போல் பாவனை செய்கிறார்கள். ஆனால் ஆரம்பக் கடவுச்சொல்லோடு உள்ளே நுழையும் எவரும், சர்வர் முகவரியை மட்டும் தன் மடிக்கணினிக்கு மாற்றிவிட்டுச் சோதனைப் பொத்தானை அழுத்தினால், பல இயந்திரங்கள் அந்த ரகசியத்தைத் தாமே கொண்டுபோய்க் கொடுத்துவிடும். முகவரியை மாற்றும்போது கடவுச்சொல்லை மறுபடி கேட்க வேண்டும் என்று வடிவமைத்தவர்களுக்குத் தோன்றவில்லையா?

ஆரம்பக் கடவுச்சொல்லை ஒவ்வொரு இயந்திரத்துக்கும் தனித்தனியாக வைத்துவிட்டால் தீர்ந்தது என்பவர்களுக்கு ஒரு செய்தி. 2025 ஜூனில் ரேப்பிட்7 என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனம் வெளியிட்ட ஆய்வின்படி, பிரதர் என்ற பிரிண்டர் நிறுவனத்தின் நூற்றுக்கணக்கான மாடல்களில் ஆரம்பக் கடவுச்சொல், இயந்திரத்தின் வரிசை எண்ணிலிருந்தே கணக்கிடப்படுகிறது. வரிசை எண்ணையோ, கேட்கத் தெரிந்தவருக்கு இயந்திரமே சொல்லிவிடுகிறது. ஏற்கெனவே விற்றுப்போன இயந்திரங்களில் இதை மென்பொருள் புதுப்பிப்பால் முழுமையாகச் சரிசெய்ய முடியாது. கடவுச்சொல்லை நாமே மாற்றிக்கொள்வதுதான் வழி.

வன்தட்டைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. பெரிய ஜெராக்ஸ் இயந்திரங்களுக்குள் வன்தட்டு இருக்கிறது, நாம் நகலெடுத்தவை அதில் தங்கக்கூடும் என்பதையே எங்கள் அலுவலகத்தில் யாரும் நம்பவில்லை. அமெரிக்காவில் ஒரு மருத்துவக் காப்பீட்டு நிறுவனம், வாடகை இயந்திரங்களை வன்தட்டை அழிக்காமல் திருப்பிக் கொடுத்ததற்காக 2013இல் 12 லட்சம் டாலருக்கு மேல் கட்டியது. சென்ற ஆண்டு எங்கள் பழைய இயந்திரத்தைத் திரும்ப எடுத்துப்போக வந்தவரிடம் வன்தட்டைப் பற்றிக் கேட்டபோது, "அதெல்லாம் ஒண்ணும் இருக்காது சார்" என்று சொல்லிக்கொண்டே அதை டெம்போவில் ஏற்றினார். புதிய இயந்திரத்தின் வன்தட்டில் தங்குபவற்றைத் தடமின்றி அழிக்கும் வசதி இருக்கிறதா என்றேன். இருக்கிறது, தனி விலை என்றார்கள். பூட்டைத் தனியாக விற்கும் பீரோக்காரனை இந்த ஊர் பொறுத்துக்கொள்ளுமா?

எப்படியோ, செவ்வாய் இரவுக்குள் எல்லாம் ஒழுங்காயின. பிரிண்டர்களை வி-லான் என்னும் தனித் தடுப்பு நெட்வொர்க்கில் அடைத்தேன். அச்சு வேலைகள் சர்வர் வழியாக மட்டுமே போகும்படி செய்தேன். ஸ்கேனுக்குத் தனிக் கணக்கு ஒன்று உருவாக்கி, அதற்கு ஒரே ஒரு ஃபோல்டரை மட்டும் எழுதக் கொடுத்தேன். எஸ்.எம்.பி. ஒன் மட்டுமே தெரிந்த இயந்திரத்துக்கு, ஸ்கேனைப் பென் டிரைவில் எடுத்துக்கொள்ளுங்கள் என்று ஒரு தாள் ஒட்டினேன். அந்தத் தாளுக்குக் கிடைத்த வசவுகளை இங்கே எழுத இயலாது. புதன்கிழமை காலை வினாப்பட்டியலில் 'ஆம்' என்று எழுதி, கையொப்பமிட்டு அனுப்பினேன்.

வியாழக்கிழமை நான் மதிய உணவுக்குப் போயிருந்த நேரத்தில், தாள் சிக்குகிறது என்று யாரோ அழைத்ததன் பேரில் சர்வீஸ் இன்ஜினியர் வந்திருக்கிறார். பேனலில் கடவுச்சொல் கேட்டதால் அவரால் உள்ளே போக முடியவில்லை. சர்வீஸ் மோடுக்குள் போய், எல்லா அமைப்புகளையும் பெட்டியிலிருந்து எடுத்த நிலைக்கே திருப்பும் ஃபேக்டரி ரீசெட் கொடுத்துவிட்டார். நான் திரும்பி வந்தபோது டெல்நெட் திறந்திருந்தது, 9100 திறந்திருந்தது, வைஃபை டைரக்ட் தெருவைக் கூவி அழைத்துக்கொண்டிருந்தது. சர்வர் ஃபோல்டருக்கு 'எவ்ரிஒன்' அனுமதியும், அட்மின் கடவுச்சொல் தெரிந்த யாரோ ஒருவரின் உபயத்தில், கிடைத்திருந்தது. ஸ்கேன் பறந்தது. அந்தத் தம்பிக்கு ஆடிட்டர் செலவில் டீயும் பஜ்ஜியும் வாங்கிக் கொடுத்திருந்தார்கள். நான் கையொப்பமிட்ட 'ஆம்' மட்டும் அந்த வாடிக்கையாளரின் கோப்பில் பத்திரமாக இருக்கிறது.