கை தட்டினால் பீஸ் ஏறாது

எங்கள் தையல் கம்பெனியில் தொழிலாளர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை வைத்த ஊக்கப் பயிற்சி வகுப்பின் படத்தை இங்கே போட்டாலும் போட்டேன், அதன் கீழே நடக்கும் கூத்தை நீங்களே பார்த்திருப்பீர்கள். "இவர்களுக்கு எவ்வளவு செய்தாலும் குறைதான்" என்கிறார் ஒருவர். "உழைக்க மனமில்லாதவர்களுக்கு ஊக்கம் எங்கிருந்து வரும்?" என்கிறார் இன்னொருவர். பதில் எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன். முடியவில்லை.

கழுத்தைச் சுற்றித் தைக்கும் ரிப் பட்டியின் அகலத்தை, ஆர்டர் கொடுத்த பையர் மாற்றியது செவ்வாய்க்கிழமை. ஆர்டரைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசருக்குத் தெரியும், அலுவலகத்துக்குத் தெரியும், மாதிரி தைக்கும் சாம்பிள் பிரிவுக்கும் தெரியும். தைக்கிற என் லைனுக்கு வெள்ளிக்கிழமை மதியம்தான் சொன்னார்கள். அதற்குள் தைத்திருந்த 1,800 பீஸையும் பிரித்துத் தைத்தோம். தைத்த பீஸ் கணக்குக்குக் கூலி வாங்கும் பீஸ் ரேட்காரர்களுக்குப் பிரித்த வேலைக்குக் கூலி கிடையாது. சனிக்கிழமைச் சம்பளத்தில் அது தெரிந்தது. தொழிலாளர்களிடம் ஈடுபாடு குறைந்துவிட்டது என்று நிர்வாகம் முடிவு செய்தது. விடுமுறை நாளில் உட்காரவைத்துக் கை தட்டச் சொன்னார்கள்.

ஈடுபாட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை ஐயா. எங்களிடம் யாரும் சொல்லவில்லை.

வந்த பயிற்சியாளர் நன்றாகவே பேசினார். சிகாகோ பக்கத்தில் ஹாதார்ன் தொழிற்சாலையில் விளக்கு வெளிச்சத்தைக் கூட்டினார்களாம், உற்பத்தி கூடியதாம். குறைத்தார்களாம், அப்போதும் கூடியதாம். "எல்லாம் மனதில்தான் இருக்கிறது" என்று முடித்தார். தட்டினோம். வீட்டுக்கு வந்து தேடிப் படித்தால், எங்களுக்கு வேண்டிய பாதியைத்தான் அவர் விட்டிருக்கிறார். 1927இல் அங்கே ரிலே என்ற மின்சுவிட்சைப் பூட்டும் சில பெண்களைத் தனி அறையில் வைத்து இடைவேளை, வேலை நேரம் என்று ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தார்கள். மாற்றப் போவதை முன்பே அவர்களிடம் சொன்னார்கள், கருத்தும் கேட்டார்கள். பிறகு 20,000 பேருக்கும் மேல் பேசவிட்டுக் கேட்டிருக்கிறார்கள். (அதே அறையிலிருந்து இரண்டு பெண்களை, அதிகம் பேசுகிறார்கள் என்று வெளியே அனுப்பியதும் உண்டு. எந்த ஊரானாலும் சூப்பர்வைசர் புத்தி ஒன்றுதான்.)

"பேச்சா சோறு போடும், கூலிதானே முக்கியம்?" என்பீர்கள். சரிதான். அந்த அறையில் கூலிக் கணக்கையும் மாற்றினார்கள், உற்பத்தி கூடியதில் அதற்கும் பங்குண்டு என்று பின்னால் வந்தவர்கள் வாதாடியிருக்கிறார்கள். எங்களுக்குத்தான் கூலியும் வரவில்லை, சொல்லும் வரவில்லையே.

"முதலாளிக்கு ஆயிரம் கவலை, ஒவ்வொருவரிடமும் வந்து சொல்ல முடியுமா?" வேண்டாம். லைனில் ஒரு பலகை தொங்குகிறது. மணிக்கு எத்தனை பீஸ் என்று அதில் தவறாமல் எழுதுகிறார்கள். "ரிப் மாறிவிட்டது" என்று எழுத எவ்வளவு சாக்பீஸ் செலவாகும்?

என் அப்பா கோவையில் ஒரு மில்லில் 22 ஆண்டுகள் ஃபிட்டராக இருந்தார். மில் மூடப் போகிறது என்பதை அவருக்குச் சொன்னது டீக்கடைக்காரர். சாயங்கால ஷிப்டுக்குப் போனவர் வாயிற்கதவில் ஒட்டியிருந்த தாளைப் படித்துவிட்டுச் சாப்பாட்டுத் தூக்கோடு திரும்பி வந்தார். வேலை போனதைப் பற்றி வீட்டில் அவர் அதிகம் பேசியதில்லை. "டீக்கடைக்காரனுக்குத் தெரிந்திருக்கிறது" என்பதை மட்டும் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார்.

"பாதிப் பேர் வடமாநிலத்தவர், மொழிதான் பிரச்சினை" என்று எழுதிய அண்ணனுக்கு மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஒடிசாவிலிருந்து வந்த பேட்லாக் (துணி ஓரத்தை மடித்துத் தைக்கும் மெஷின்) டெய்லர் ஒருத்தி என் லைனில் இருக்கிறாள். தமிழில் இருபது வார்த்தை தெரிந்தால் அதிகம். சாம்பிள் அறைப் பக்கம் போனவள் வியாழக்கிழமையே ஒரு பீஸோடு என்னிடம் வந்து, ரிப் அகலத்தை விரலால் அளந்து காட்டித் தலையை ஆட்டினாள். டொயோட்டா தொழிற்சாலையில் கோளாறு கண்ட தொழிலாளி ஒரு கயிற்றை இழுத்தால் லைன் தலைவர் ஓடிவருவார், தீராவிட்டால் லைனே நிற்கும் என்று அதே வகுப்பில்தான் சொன்னார்கள். இவள் கயிற்றை இழுத்துவிட்டாள். அவள் காட்டியது எனக்கு நன்றாகவே புரிந்தது. அன்றைய கணக்குக்கு இன்னும் 200 பீஸ் பாக்கி. "சொன்னதைத் தை" என்று அனுப்பிவிட்டேன்.

இதை நான் அலுவலகத்தில் சொல்லவில்லை. இங்கேதான் முதன்முதலாகச் சொல்கிறேன். திட்டுகிறவர்கள் திட்டுங்கள்.

பிரித்துத் தைத்த அன்று அவள் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. நேற்று அவள் தைத்த பீஸ்களில் தையல் விட்டிருந்தது, நூல் சரியில்லை. முன்பானால் எழுந்து வந்து காட்டியிருப்பாள். அப்படியே தைத்துக் கட்டிவைத்துவிட்டுப் போயிருக்கிறாள்.