ரெட் டாட் இருந்தால் எந்தப் போட்டிக்கும் போகலாமா?

தம்பி, மலிவு பிஸ்டலில் ஒரு ரெட் டாட் (சின்னக் கண்ணாடிக்குள் சிவப்புப் புள்ளி காட்டும் குறிகாட்டி) பூட்டினால் எந்தப் போட்டியிலும் இறங்கலாம், குறியும் தானாகத் திருந்தும் என்று எழுதியிருக்கிறீர்கள். இரண்டும் பிழை. யாழ்ப்பாணத்தில் எயார் பிஸ்டல் பழக யோசிக்கும் பிள்ளைகளும் இதை வாசிப்பார்கள் என்பதால்தான் எழுதுகிறேன்.

ஒலிம்பிக் வகைப் போட்டிகளை நடத்தும் ஐஎஸ்எஸ்எஃப் விதிப்படி பிஸ்டலில் கண்ணாடி இல்லாத, திறந்த இரும்புக் குறிகாட்டிதான். 10 மீற்றரோ 25 மீற்றரோ, ரெட் டாட்டுக்கு இடமில்லை. நகர்ந்து நகர்ந்து சுடும் போட்டிகளை நடத்தும் ஐபிஎஸ்சியில் ரெட் டாட்டுக்கென்றே புரொடக்ஷன் ஒப்டிக்ஸ் என்ற பிரிவு இருக்கிறது. ஆனால் அங்கேயும் துப்பாக்கி அவர்கள் அங்கீகரித்த பட்டியலில் இருக்க வேண்டும். வாங்கமுதல் அதைப் பாருங்கள்.

விலை குறைந்த துப்பாக்கி என்பதே குறை இல்லை, அதில் உங்களோடு ஒத்துப்போகிறேன்.

மற்றது, குறி. நோர்வேயில் மருமகனோடு ஒருநாள் சுட்டுப் பார்த்தேன். கையை உயர்த்தினால் கண்ணாடிக்குள் புள்ளியையே காணோம். மணிக்கட்டைக் கொஞ்சம் கீழே சாய்த்த பிறகுதான் வந்தது, வந்தும் நடுங்கிக்கொண்டே நின்றது. அந்த நடுக்கம் முன்பும் என் கையில் இருந்ததுதான், புள்ளி அதைக் காட்டிக் கொடுத்தது, அவ்வளவே. விசையை வெடுக்கென்று இழுத்தால் குண்டு விலகத்தான் செய்யும். 6 எம்ஓஏ (ஒரு எம்ஓஏ என்பது ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு) புள்ளி என்றால் 25 மீற்றரில் ஏறக்குறைய 4.4 சென்ரிமீற்றர் இடத்தை மூடும், அதையும் யோசியுங்கள். முதலில் குண்டு போடாத வெறும் துப்பாக்கியில் விசை இழுக்கப் பழகுங்கள்.